குரலோடு முகமும்

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது திருத்தி எழுதப்பட்டது.)



போன மாதம் செயலாளர் அண்ணை எனக்குப் போன் எடுத்து, "தம்பி, ஒன்றுகூடலில ஒரு இருபது நிமிசம் ஏதாவது பிரயோசனமாப் பேசு" எண்டார். நான் பிளாஸ்ரிக் மூடி செய்யிற பக்ரறியில வேலை செய்யிறவன். படிப்பு ஏ.எல். கணிதப் பிரிவோட நிண்டுபோச்சு. என்னத்தைப் பேசிறது எண்டு யோசிச்சன். உடனே அவர், "என்ன தம்பி, நெற்றியைச் சுருக்கிறாய்? பயப்பிடாதை" எண்டார். அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. நான் வாய் திறக்க முன்னமே அவர் என்ர முகத்தைப் பார்த்துப் பதிலைக் கண்டுபிடிச்சிட்டார். அது வீடியோக் கோல். அந்த இடத்திலயே எனக்குத் தலைப்பும் கிடைச்சுது. கைத்தொலைபேசிக் குரலோடு முகமும் வந்து சேர்ந்த கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

இந்த மண்டபத்தில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த அண்ணைமார், அக்காமார் இருக்கிறீர்கள். ஊரில் ரெலிபோன் இல்லாத காலத்தில் உங்களோடு கதைப்பதற்காகப் பெற்றோர் கொழும்புக்கு வந்து லொட்ஜில் நின்றதும், கொமியூனிகேசன் கடையில் காவல் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். நான் சின்னப் பெடியனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கும் வெளிநாட்டில் ஒரு மாமா இருந்தார். 2002 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் சந்தியடிக் கடைக்குப் போய் மாமாவின் அழைப்புக்குக் காத்து நிற்போம். அம்மா எல்லாம் கதைத்து முடித்து, றிசீவரை வைக்க முதல் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்லுவா: "குரல் கேக்குது, முகம்தான் மறந்து போகுது."

மாமாவின் கலியாண வீடியோக் கசற் வந்தபோது ஊரே வந்து பார்த்தது. அம்மா மூன்று தரம் பார்த்தா. ஆனால் கசற்றில் நாங்கள் மாமாவைப் பார்த்தோம், மாமா எங்களைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக் கதைப்பது என்றால் அது வேறை விசயம்.

இந்த ஆசை எங்களுக்கு மட்டும் வந்த ஆசை இல்லை. நாங்கள் இப்போது வாழும் இந்த ஜேர்மனியிலேயே, 1936 இல், பேர்ளினுக்கும் லைப்சிக்குக்கும் இடையில் முகம் பார்த்துக் கதைக்கும் தொலைபேசிச் சேவையைத் திறந்தார்கள். வீட்டில் அல்ல, தபாற்கந்தோரில் ஒரு சிறிய கூண்டு. இந்த நகரத்தில் ஒருவர் கூண்டுக்குள் போய் இருக்க வேணும். அதே நேரத்துக்கு மற்ற நகரத்தில் மற்றவரும் கூண்டுக்குள் வந்து இருக்க வேணும். போர் தொடங்கிய பிறகு 1940 இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அமெரிக்காவில் ஏ.ரி. அன்ட் ரி. என்ற பெரிய ரெலிபோன் கம்பனி 1964 இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ஒரு படத் தொலைபேசியைக் காட்டியது. 1970 இல் பிட்ஸ்பேர்க் நகரத்தில் விற்பனைக்கும் விட்டது. மாதக் கட்டணம் 160 டொலர்! சனம் வாங்கவில்லை. வாங்கினவனுக்கும் கதைக்க ஆள் இல்லை. ஏனென்றால் மற்றப் பக்கத்திலும் அதே பெட்டி இருக்க வேணுமே. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது கைவிடப்பட்டது.

பணம் மட்டுமா காரணம்? இல்லை. பணம் உள்ளவர்களுக்கு முகம் காட்ட விருப்பமும் இல்லை. காலையில் தலை இழுக்காமல், சவரம் செய்யாமல் இருக்கும்போது மணி அடித்தால் யார் படத்தைப் போடுவார்கள்? பார்க்கவேணும் என்றால் அவர்கள் காரில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம். 1999 இல் யப்பானில் கியோசெரா என்ற கம்பனி, கமரா பூட்டிய கைத்தொலைபேசி ஒன்றை விற்றது. அதில் முகம் பார்த்துக் கதைக்கலாம். ஆனால் விநாடிக்கு இரண்டு படம்தான் போகும். சினிமாவில் விநாடிக்கு 24 படம். ஆகவே அந்தப் போனில் ஆள் சிரிப்பதற்கு ஒரு படம், சிரித்து முடிந்ததற்கு ஒரு படம், அவ்வளவுதான். 2001 இல் அதே யப்பானில் 3ஜி என்ற மூன்றாம் தலைமுறைச் சேவை வந்தது. 2000 ஆம் ஆண்டிலேயே ஜேர்மன் அரசாங்கம் 3ஜி அலைவரிசைகளை ஏலம் விட, கம்பனிகள் ஏறக்குறைய 5000 கோடி யூரோப் பெறுமதியான பணத்தைக் கொட்டி வாங்கின. அந்தக் காசை எடுப்பதற்கு அவர்கள் காட்டின ஆசைகளில் ஒன்று இந்த வீடியோக் கோல்தான்.

அதில் என்ன கஷ்டம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்குச் செய்து பார்ப்போம். அந்தக் காலத்து 3ஜி வீடியோப் படத்தில் குறுக்கே 176 புள்ளி, மேலிருந்து கீழே 144 புள்ளி. பெருக்கினால் 25,344 புள்ளிகள். ஒரு புள்ளியின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சொல்ல, சராசரி 12 'பிற்' வேணும். பிற் என்றால் ஒரு சைபர் அல்லது ஒரு ஒன்று. ஆகவே ஒரு படத்துக்கு மூன்று இலட்சம் பிற். விநாடிக்கு 15 படம் என்றால் 45 இலட்சம் பிற். ஆனால் அந்த அழைப்புக்குக் கிடைத்த பாதை விநாடிக்கு 64,000 பிற் மட்டும். அதற்குள் குரலும் போக வேணும். குரலுக்குப் போக மிச்சம் ஏறக்குறைய 50,000. அதாவது தொண்ணூறு மூட்டை நெல்லை ஒரு மூட்டைக்குள் அடைக்க வேணும்!

இதை எப்படிச் செய்தார்கள்? எங்கட பக்ரறியில ஒரு சிப்ற் முடிஞ்சு அடுத்த சிப்ற்காரனிட்டைக் கையளிக்கேக்க, நாங்கள் இருவது மெசினைப் பற்றியும் முழுக் கதை சொல்லுறேல்லை. "மூண்டாம் மெசினில மட்டும் சூடு கூட, மற்றதெல்லாம் நேற்று மாதிரித்தான்" எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போயிடுவம். போனும் அதைத்தான் செய்கிறது. அம்மாவுக்குப் பின்னால் இருக்கும் சுவர் அசையவில்லை. அதைத் திரும்ப அனுப்பத் தேவையில்லை. உதடும் கண்ணும் அசைந்தன. அதை மட்டும் அனுப்பு.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, எங்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் சுருக்கி எழுதுவது. இதற்கு அடிப்படையான கணிதத்தை 1974 இல் வெளியிட்டவர்கள் மூன்று பேர்: நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ். இந்தப் பெயர்களைக் கேட்டாலே எங்கள் பக்கத்துப் பெயர்கள் என்று தெரியும். நசீர் அகமது பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் படிப்பித்தவர். இந்த ஆராய்ச்சிக்கு அவர் முதலில் பண உதவி கேட்டபோது கிடைக்கவில்லை. ஆனாலும் விடாமல் செய்து முடித்தார். லைன் சரியில்லாத நேரம் அம்மாவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கிறதைக் கண்டிருப்பீர்கள். அந்தச் சதுரங்கள்தான் இவை. "நேற்று மாதிரித்தான்" என்று சொன்னவனின் நேற்றைய கொப்பி துலைஞ்சு போனால் இன்றைய ஆள் முழிப்பான் அல்லவா? அதுதான் நடக்கிறது.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தும், 3ஜி வீடியோக் கோலும் ஐரோப்பாவில் எடுபடவில்லை. விலை கூட, இரண்டு பேரிடமும் அந்தப் போன் வேணும், படமும் தெளிவில்லை. ஆனால் அதை விரும்பிப் பாவித்த ஒரு பகுதியினர் இருந்தார்கள். காது கேளாத மக்கள். கையால் பேசும் பாஷையை முதன்முதலாகத் தெருவில் நின்றும் பேச அவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. மற்றவர்களுக்கு விளையாட்டாக இருந்தது அவர்களுக்குத் தேவையாக இருந்தது. மற்ற எல்லோரும், போனில் முகத்துக்கு நேரே பூட்டி இருந்த அந்தக் கமராவால் தங்களைத் தாங்களே படம் பிடிக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் செல்பி எடுக்கிற கமரா, வீடியோக் கோலுக்கு என்று வைக்கப்பட்ட கமராதான்.

பிறகு இன்ரநெற் வழியாகப் பாதை திறந்தது. 2006 இல் ஸ்கைப்பில் படம் வந்தது. 2010 இல் அப்பிள் கம்பனி தன்ர போனில் முகம் பார்த்துக் கதைக்க வசதி செய்தது; முதலில் வைஃபையில் மட்டும். 2016 நவம்பரில் வட்ஸ்அப்பில் வீடியோக் கோல் வந்தது. அதோடு எங்கள் ஊர்க் கிழவிமார் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜேர்மனியில் 3ஜி வலையை 2021 இல் நிறுத்திவிட்டார்கள். ஸ்கைப்பையும் 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். ஆனால் முகம் பார்த்துக் கதைக்கும் பழக்கம் நிற்கவில்லை.

இப்போது நான் ஞாபகத்தில் வைத்திருக்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். காரில் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடியவனுக்கு இது தேவைப்படவில்லை. எங்களுக்கு? எங்களில் பலரிடம் இருக்கிற நீலப் பாஸை எடுத்துப் பாருங்கள். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று இருக்கும். அம்மா இருக்கிற அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் போக ஏலாது. ஐம்பது அறுபது வருசமாகக் கம்பனிகாரர் பெரிய முதலாளிமாரைத் தேடி இந்தச் சாமானை விற்கப் பார்த்தார்கள். அவர்கள் தேடவேண்டிய ஆள் நாங்கள்தான்.

ஆனால் ஒன்று. முகம் தெரிந்தால் உண்மையும் தெரியும் என்று நினைக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். என்ர சொந்தக் கதையைச் சொல்லுறன்.

2015 இல மெசினில சிக்கின மூடி ஒண்டை எடுக்கப் போய், என்ர வலக்கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோட போச்சுது. அப்ப மகள் பிறந்து மூண்டு மாசம். ஆஸ்பத்திரியில இருந்து காட்டுப் போட்டு அம்மாவுக்குக் கோல் எடுத்து, "வேலை கூடம்மா, அதுதான் ரெண்டு நாளா எடுக்கேல்லை" எண்டன். குரலில ஒண்டும் தெரியேல்லை. அப்பா இல்லாத வீடு, சலரோகக்காரி, சொல்லி என்னத்துக்கு எண்டு மனிசியும் நானும் முடிவு செய்தம்.

2017 இல தங்கச்சி நல்ல போன் ஒண்டு வாங்கினாள். முதல் வீடியோக் கோலில அம்மா கதைக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தா. ஏழு வருசத்துக்குப் பிறகு என்ர முகத்தைப் பார்க்கிறா. நானும் பார்த்தன். தலை முழுக்க நரைச்சிட்டுது. அண்டைக்கு இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. ஆனாலும் கையைக் காட்டேல்லை. போனைப் பிடிக்கிறது வலக்கை. அது கமராவுக்குப் பின்னால. படத்துக்குள்ள வாறதெல்லாம் இடக்கை. கமரா எதைக் காணுமோ அதைத்தானே அனுப்பும்! இப்பிடியே இன்னும் ரெண்டு வருசம் ஓடிச்சுது.

2019 இல ஒரு நாள் போனைச் சுவரோட சாத்தி வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதைக்கிறன். அம்மா கேட்டா, "ஏன் ராசா எப்பவும் இடக்கையாலயே குடிக்கிறாய்? உனக்கு அந்தப் பழக்கம் இல்லையே" எண்டு. நான், "போனில இடம் வலம் மாறித்தானம்மா தெரியும்" எண்டு சமாளிச்சன். அது பொய். என்ர படம் எனக்குத்தான் கண்ணாடியில மாதிரித் தெரியும். மற்றப் பக்கத்துக்குச் சரியாத்தான் போகும். அம்மாவுக்கு அந்தக் கணக்கு ஒண்டும் தெரியாது. ஆனா பெத்த பிள்ளையின்ர கை தெரியும். "மற்றக் கையைக் காட்டு" எண்டா.

காட்டினன். அம்மா கத்தேல்லை. "கிட்டக் கொண்டு வா" எண்டா. கொண்டு போனன். அந்த விரலைத் தொட எண்டு தன்ர விரலைப் போனில வைச்சா. அது சிவப்புப் பொத்தானில பட்டு லைன் அறுந்து போச்சுது. திரும்ப நான் எடுக்கேக்க அழுது முடிஞ்சு முகத்தைத் துடைச்சுக்கொண்டு இருக்கிறா. கேட்டது ஒரு கேள்விதான்: "சோத்தை எப்பிடிப் பிசைஞ்சு சாப்பிடுறாய்?"

அதுக்குப் பிறகு மூண்டு நாலு கிழமை இருக்கும். மகளுக்கு அப்ப நாலு வயசு. "அப்பம்மா, ஆட்டுக்குட்டியைக் காட்டுங்கோ" எண்டு கேட்டாள். அம்மா எழும்பேல்லை. தங்கச்சியின்ர பெடியன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சின்னப் பிள்ளை ஓடினால் கமரா வானத்தையும் காட்டும், நிலத்தையும் காட்டும். அந்த ஓட்டத்தில, கதிரைக்குக் கீழ அம்மாவின்ர இடக்கால் ஒருக்காத் தெரிஞ்சுது. துணி சுத்திக் கிடந்துது. "அம்மா, காலைக் காட்டுங்கோ" எண்டன். முதல் மறுத்தா. பிறகு சிரிச்சுக்கொண்டு சொன்னா, "நீ நாலு வருசம் ஒளிச்சனி. நான் நாலு மாசம்தானே."

சலரோகப் புண். மஞ்சளும் எண்ணெயும் போட்டு வைச்சிருந்திருக்கிறா. தங்கச்சிக்கும் சின்னக் காயம் எண்டுதான் சொல்லியிருக்கிறா. அடுத்த நாளே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மறிச்சு வைச்சினம். சின்ன விரல் ஒண்டை எடுத்தவை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காலே போயிருக்கும் எண்டு டொக்டர் சொன்னதாத் தங்கச்சி சொன்னாள். இப்ப அம்மா நடக்கிறா. "உனக்கு ரெண்டு பாதி, எனக்கு ஒரு முழுசு" எண்டு பகிடியும் விடுறா.

அன்பானவர்களே, எழுபது எண்பது வருசமாக எத்தனையோ மூளைசாலிகள் பாடுபட்டு அம்மாவின் முகத்தை என் கைக்குள் கொண்டுவந்து தந்தார்கள். ஆனால் அந்தச் சின்னச் சட்டத்துக்கு வெளியே நாங்கள் இரண்டு பேரும் எங்கள் காயங்களை ஒளித்து வைத்திருந்தோம். அவவும் பாசத்தில்தான் ஒளித்தா, நானும் பாசத்தில்தான் ஒளித்தேன். அந்தப் பாசத்தால் ஒரு கால் போகப் பார்த்தது.

ஆகவே உங்களிடம் சில விசயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஊரில் இருக்கும் வயது போனவர்களோடு கதைக்கும்போது முகத்தோடு நிறுத்தாதீர்கள். "எழும்பி நடந்து காட்டுங்கோ", "குசினியைக் காட்டுங்கோ", "குளிசைப் பெட்டியைக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். போனைப் பிள்ளைகளிடம் கொடுத்து ஓட விடுங்கள். எங்கள் அறையையும், எங்கள் கையையும் நாங்களும் காட்டுவோம். நாங்கள் காட்டினால்தான் அவர்களும் காட்டுவார்கள்.

லைன் சரியில்லை என்றால் கோபித்துக்கொண்டு வைக்காதீர்கள். படத்தை நிற்பாட்டிவிட்டுக் குரலில் கதையுங்கள். குரலுக்குச் சின்னப் பாதை போதும். இன்னொன்று, அம்மா எங்களைப் பார்க்காமல் கீழே பார்க்கிறா போல இருக்கும். அவ பார்ப்பது திரையில் தெரியும் எங்கள் முகத்தை. கமரா அதற்கு மேலே இருக்கிறது. நாங்களும் அப்படித்தான் அவவுக்குத் தெரிவோம். ஆகையால் வைக்க முதல் ஒருக்கா அந்தக் கமராவையே நேரே பார்த்து, "போட்டு வாறன் அம்மா" என்று சொல்லுங்கள். அப்பதான் பிள்ளை தன்ர கண்ணைப் பார்த்துச் சொன்ன மாதிரி அவவுக்கு இருக்கும்.

புத்தாண்டு வருகிறது. ஒவ்வொரு சித்திரைக்கும் அம்மா வெற்றிலையில் நெல்லும் காசும் வைத்துக் கைவிசேடத்தைக் கமராவுக்கு முன்னால் நீட்டுவா. நான் இரண்டு கையையும் ஏந்துவேன். இப்போது வலக்கையையும் சேர்த்துத்தான். அது மட்டும் இந்தப் போனுக்குள்ளால வராது. அவ அந்தக் காசை ஒரு மாப்பால்பேணிக்குள் போட்டு வைக்கிறா, வருசம் வருசமாக. "நீ வந்து எண்ணி எடு" என்கிறா. நீலப் பாஸை மாற்ற விண்ணப்பம் போட்டிருக்கிறேன். எண்ணுவதற்கு ஒரு நாள் போவேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு வீட்டை போனவுடன் ஊருக்கு ஒரு கோல் எடுங்கோ.